உன்னத அழுகல் என்று நான் கையெழுத்திடாத தாள்

"நல்ல பூஞ்சைகளைப் பத்தி ஒரு கட்டுரை வேணும் மேடம். ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் இனிமையா இருக்கட்டும்" என்று போன மாதம் சுகந்தி தொலைபேசியில் கேட்டாள். நான் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்த பயிர் நோய் ஆய்வகத்தில் நுண்ணோக்கி மேசை இப்போது அவளுடையது. ஆய்வகத்துக்கு ஆண்டு மலர் கொண்டுவருகிறார்களாம். ரொட்டியைப் புளிக்க வைக்கும் பூஞ்சை, மருந்து தரும் பூஞ்சை, காளான், கடைசியாக ஒயின் என்று பட்டியலும் அவளே சொன்னாள்.

"ஐரோப்பாவுல திராட்சையில பூசணம் பிடிச்சா அதுக்கு உன்னத அழுகல்னு பேர் வெச்சிருக்காங்களாமே மேடம்? அதுல பண்ற ஒயின்தான் ரொம்ப ஒசத்தியாம். அதை அவசியம் சேத்துடுங்க."

சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சுகந்தியின் மேல் தப்பு இல்லை. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அந்த இரண்டு சொற்கள் எங்கள் மரக்காணத்துக்கு ஒருமுறை வந்து போயிருக்கின்றன என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதை நான்தான் சொல்ல வேண்டும். இனிமையாகச் சொல்ல என்னால் ஆகாது. மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

என் அப்பா உப்பளத்தில் உப்பைக் கூட்டிச் சேர்க்கும் வாரி இழுத்தவர். பன்னிரண்டாம் வகுப்பும் ஓராண்டு ஆய்வகப் பயிற்சியும் முடித்து, கண்ணாடிப் பாத்திரம் கழுவத்தான் நான் அங்கே சேர்ந்தேன். நான்காம் ஆண்டு நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான். ஆய்வகத்தை ஓர் அறக்கட்டளை நடத்தியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். திண்டிவனம் சாலையில், ஜன்னலைத் திறந்தால் உப்பளம் தெரிகிற கட்டடம். உப்புக் காற்றில் இடுக்கி துருப்பிடிக்கும், குளிர்பெட்டியின் கதவு துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் நுண்ணோக்கியின் லென்சிலேயே பூஞ்சை படரும். அதனால் அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து, உள்ளே சின்ன பல்பு ஒன்றை எப்போதும் எரியவிட்டிருப்போம்.

எங்கள் தலைவர் ஞானசம்பந்தம் சார். அவரைப் பற்றி நியாயமாகவே எழுதுகிறேன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் மூக்குக் கண்ணாடியை லென்ஸ் துடைக்கும் தாளால் துடைப்பார். பிறகு முந்தின நாள் நான் வரைந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பூஞ்சைக்குப் பெயர் எழுதுவதற்கு முன்னால் படம் வரைந்திருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். பெயர் முதலில் மனதில் வந்துவிட்டால் கண் அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடும் என்பார். "பாத்தத எழுதும்மா, நெனச்சத எழுதாத" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரியாத ஒருவர் செய்திருந்தால் இத்தனை ஆண்டு சுமந்திருக்க மாட்டேன்.

சுனாமி அலை வந்து போன அடுத்த ஆண்டு அது. கடலோர ஊர்களிலிருந்து உப்பேறிய மண்ணைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து கொண்டிருந்தார்கள். அதற்கென்று பின்கட்டில் ஓர் அறையே ஒதுக்கினோம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், ஆவணி தொடக்கத்தில், கன்னியப்பன் வந்தார். பெருமுக்கல் பக்கத்து ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஈரச் சாக்கில் சுற்றிய நிலக்கடலைச் செடிக் கட்டை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், மேசைமேல் வைத்தார்.

"வெதச்சு பதினஞ்சு நாள்தாங்க ஆவுது மேடம். நேத்து நல்லா இருந்த செடி இன்னிக்கித் தல சாஞ்சிடுது. இழுத்தா கழுத்துல அத்துக்கினு வருதுங்க."

ஒரு செடியை எடுத்தேன். மண்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டு நார் நாராகக் கிழிந்து, அடுப்புக்கரி தூவினாற்போல் இருந்தது. வெறுங்கண்ணுக்கே தெரிந்துவிட்டது, கழுத்தழுகல் நோய். ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை அந்தக் கறுப்பின்மேல் மெல்ல அழுத்தி எடுத்து, கண்ணாடிச் சில்லில் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் நாடாவை ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தேன். நீளமான காம்பு. அதன் நுனியில் உருண்டைத் தலை. தலையைச் சுற்றிக் கறுப்பு மணிகள் சரம் சரமாக. மாதா கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளிப்பாரே, அந்தக் கருவியைப் போலவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் இதற்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்று பெயர் வைத்தார்களாம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற எனக்கு அந்த உருவம் மறக்காது.

"மிச்ச வெதை இருக்குதா?" என்று கேட்டேன்.

மறுநாள் மூட்டையோடு வந்தார். சாக்கில் 'மருந்து கலந்த விதை' என்று அச்சடித்திருந்தது. மருந்து கலந்த விதையை அள்ளினால் கையில் சிவப்பு ஒட்டும். இரண்டு கையும் விட்டு அள்ளினேன். என் கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

விதைகளின் மேல்தோலைக் கிருமிநீரில் கழுவி, நனைத்த உறிஞ்சுதாள் போட்ட தட்டுகளில் வரிசையாக வைத்தேன். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் தட்டு முழுக்கக் கறுப்பு. நோய் வயலிலிருந்து வரவில்லை, விதையோடு வந்திருக்கிறது. படம் வரைந்து, இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

அந்த விதையை விற்றவர் பரசுராமன். விதைக்கடை, உரக்கடை, பெருமுக்கல் தாண்டி ஒரு திராட்சைத் தோட்டம் எல்லாம் அவருடையவை. எங்கள் அறக்கட்டளையின் குழுவிலும் அவர் உறுப்பினர்.

தட்டச்சாகி வந்த அறிக்கை ஒரே பக்கம்தான். 'வயல் சுகாதாரக் குறைவால் மண்ணில் பெருகிய பூஞ்சை' என்று ஆங்கிலத்தில் முடிந்திருந்தது.

"வெதைப் பரிசோதனை எங்க சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் செடியத்தானே கொண்டாந்தாரு. கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும்மா. பூஞ்சை பேரு சரியாத்தானே இருக்குது? கையெழுத்துப் போடு."

எங்கள் அறிக்கைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். பார்த்தவர் ஒன்று, சான்றளிப்பவர் ஒன்று. நான் போட்டேன். பூஞ்சையின் பெயர் சரி, குற்றம் யார்மேல் என்ற வரி அவருடையது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் யார்மேலாவது எனக்கு முதலில் கோபம் வர வேண்டுமென்றால் அது அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த என்மேல், இந்த ஜெயமேரி மேல்தான்.

நான்கு நாள் கழித்துக் கன்னியப்பன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கடையில உங்க லெட்டரப் படிச்சு, அத்தினி பேர் முன்னால சிரிச்சாங்க மேடம். 'வயலச் சுத்தமா வெச்சுக்கத் தெரியாதவன்லாம் இன்னாத்துக்குடா மல்லாட்ட போடறீங்க'ன்றாங்க. வூட்டுலயும் அதே பேச்சு. 'ஒய்ங்கா பாத்திருந்தா இப்டி ஆவுமா'னு எம் பொண்டாட்டி கேக்குறா. இன்னா சொல்றதுங்க நானு?"

எனக்குத் தெரிந்த பதில், அந்த விதைப் பரிசோதனையின் குறிப்பு, என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் சொல்லவில்லை.

இனி திராட்சைக்கு வருகிறேன்.

சுகந்தி கேட்ட உன்னத அழுகல் பொய்யான விஷயம் இல்லை. சில நாடுகளில், ஆற்றோரத் தோட்டங்களில், திராட்சை பழுக்கும் காலத்தில் காலையில் மூடுபனியும் மதியத்தில் நல்ல வெயிலும் இருக்கும். பனியில் சாம்பல் நிறப் பூஞ்சை ஒன்று பழத்தோலில் பிடித்து நுண்ணிய ஓட்டை போடும். வெயிலில் அந்த ஓட்டை வழியாக நீர் ஆவியாகிப் பழம் சுருங்கும், இனிப்பு இறுகும். அந்தப் பழத்தில் செய்கிற ஒயினுக்குத் தனி மதிப்பு. ஆனால் அதே தோட்டத்தில், அதே பூஞ்சை, ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் வெறும் அழுகல்தான், பழத்தைக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். ஒயின் நாட்டுக்காரர்கள் பூஞ்சையைக் கொஞ்சினார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊரில் வெற்றிலைக்கொடிக்கும் தென்னைக்கும் அடிக்கிற போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த நீல மருந்து, ஒயினுக்குப் பேர்போன ஓர் ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறது. திராட்சை இலையில் வந்த பூஞ்சையை அடக்க முடியாமல் தவித்து அவர்கள் கண்டுபிடித்தது அது.

பரசுராமன் அந்த நாடுகளில் ஒன்றுக்குப் பத்து நாள் சுற்றுலா போய்வந்தவர். அங்கே இதைப் பார்த்திருக்கிறார். அந்த ஆண்டு, இனிப்பு ஏறட்டும் என்று பழத்தைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டிருந்தார். ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் உப்புக் குவியலுக்கு ஓலை போட்டு மூடக்கூட நேரம் தராத மழை. மழை விட்டபோது குலைகள் பாதிக்குமேல் பூசணம்.

பிரம்புக் கூடையில் இலை பரப்பி, கல்யாணத் தாம்பூலம் கொண்டுவருவது மாதிரி, அவரே ஒரு கூடை கொண்டுவந்தார்.

"சார், நம்ம மண்ணுலயும் உன்னத அழுகல் வந்திடுச்சு. வெளிமாநிலத்து ஒயின் கம்பெனிக்காரன் எடுத்துக்கறேன்றான். இன்ன பூஞ்சைதான்னு ஒரு லேப் லெட்டர் வேணுமாம். ஒரு வாரத்துல குடுத்துடுங்க."

கூடை என் மேசைக்கு வந்தது. முகத்தருகே கொண்டுபோனதும் காடி வாடை. உன்னத அழுகல் பிடித்த பழம் காயும், இது ஒழுகிக்கொண்டிருந்தது. அதை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று ஒவ்வொரு குலையிலிருந்தும் பத்துப் பழம் வெட்டினேன். ஒட்டுநாடாவில் எடுத்துப் பார்த்தேன். உருளைக்கிழங்குக் கஞ்சியில் கடற்பாசிப் பொடி சேர்த்து இறுகவைத்த தட்டுகளிலும் வளர்த்தேன். சாம்பல் பூஞ்சைக்குக் குளிர்ச்சி பிடிக்கும். அதனால் பாதித் தட்டுகளை மேசையிலும் பாதியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலும் வைத்தேன். அது இருந்தால் வெளியே வர எல்லா வாய்ப்பும் கொடுத்தேன். சாம்பல் பூஞ்சை கிளை கிளையாகப் பிரிந்து, நுனியில் திராட்சைக் குலை போலவே வித்துக்களைத் தாங்கி நிற்கும். பார்த்தால் தவறவிடவே முடியாது.

ஒரு வாரம் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. காம்பு, உருண்டைத் தலை, கறுப்புச் சரம். தீர்த்தம் தெளிக்கும் கருவி. ஆவணியில் கன்னியப்பனின் செடிக் கழுத்தில் பார்த்த அதே உருவம். இதே இனத்தில் சில, பழத்தில் நஞ்சையும் விடும், அது சிறுநீரகத்துக்குக் கெடுதி, ஒயினாகப் புளித்த பிறகும் முழுக்கப் போகாது. இதையும் எழுதினேன்.

சார் படங்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சாம்பல் பூஞ்சையும் கலந்திருக்கலாம் இல்லியாம்மா?"

"இல்ல சார்."

"தேடினா கெடைக்கும்."

"ஒரு வாரமாத் தேடிட்டேன் சார். குளிர்பெட்டியிலயும் வெச்சுப் பாத்துட்டேன்."

"சரி, நான் எழுதிக்கறேன். நீ பாத்தவங்க எடத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடு."

"பாத்தவங்க எடத்துல போடறதுன்னா நான் பாத்ததாத்தானே சார் அர்த்தம்? நான் பாக்கலியே."

அவர் தாளை மடித்து மேசை ஓரத்தில் வைத்து, "நாளைக்குப் பேசலாம்" என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. தினமும் என்னை ஒருமுறை கூப்பிடுவார். ஆய்வகத்துக்குப் புதுக் கட்டடம் வரப்போவதைப் பற்றிப் பேசுவார், குழு மனம் வைத்தால்தான் நடக்கும் என்பார். அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். அதை நேராகக் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

நான்காம் நாள் கன்னியப்பன் மறுபடி வந்தார். கையில் ஒரு வெள்ளைத் துண்டு. வெள்ளை என்று சொல்கிறேனே தவிர அதில் கறுப்பு தவிர ஒன்றும் இல்லை.

"இத்த மைக்கிராஸ்கோப்புல பாருங்க மேடம். எம் பொண்டாட்டி வள்ளி மூக்கச் சுத்திக் கட்டினு போனது."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நிலக்கடலை போனதும் வீட்டில் வேறு வழியில்லாமல் வள்ளி பரசுராமன் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருக்கிறாள். மழையில் வேலையில்லாத உப்பளத்துப் பெண்களையும் வேனில் ஏற்றி வந்திருக்கிறார்கள், மொத்தம் நாற்பது பேர். மழைக்குப் பயந்து கதவு சாத்திய கொட்டகையில் உட்கார்ந்து, பூசணம் பிடித்த குலைகளைத் தரம் பிரிக்கும் வேலை. குலையை உதறினால் கறுப்புத் தூள் பறக்கும்.

"பத்து நாளாச் செஞ்சா. மூணு நாளா மூச்சு வுட முடியல. காறித் துப்பினா கறுப்பா வருது. மேஸ்திரி கிட்ட போய்க் கேட்டேன். 'இது நல்ல பூசணம்யா, ஃபாரின்ல இத்தத் தங்கம்ன்றான். மரக்காணம் லேப்லயே சொல்லிட்டாங்க'ன்றான். நீங்களா மேடம் சொன்னீங்க?"

நான் கையெழுத்தே போடவில்லை. அதற்குள் எங்கள் பெயரைச் சொல்லி நாற்பது பெண்களைக் கொட்டகைக்குள் அடைத்திருக்கிறார்கள்.

"மொதல்ல அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க. இந்தத் துண்டு இங்க இருக்கட்டும்."

துண்டிலிருந்து ஒரு சில்லு தயார் செய்தேன். கன்னியப்பனின் செடியிலிருந்து எடுத்ததை நகப்பூச்சால் ஓரம் அடைத்துப் பத்திரமாக வைத்திருந்தேன், அதையும் எடுத்தேன். திராட்சையிலிருந்து ஒன்று. மூன்றையும் சாருடைய அறைக்குக் கொண்டுபோய், அவருடைய நுண்ணோக்கியிலேயே வைத்தேன்.

"எது எதுன்னு நான் சொல்லல சார். நீங்களே பாருங்க."

பார்த்தார். ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தார். திரும்ப முதலாவதை வைத்தார். அவர் விரல்கள் திருகை நகர்த்துவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை அழகான கை அது. எனக்கு நுண்ணோக்கி கற்றுத் தந்த கை.

"மூணும் ஒண்ணுதாம்மா" என்றார்.

"ஒண்ணு அந்த மல்லாட்டச் செடி. ஒண்ணு தெராட்ச. ஒண்ணு, தோட்டத்துல வேல செஞ்ச பொம்பள மூச்சு வுட்ட துணி. எழுதுங்க சார்."

"எழுத முடியாதும்மா" என்றார். தலை நிமிரவில்லை.

செடியில் இருந்தபோது விவசாயியின் அழுக்கு, பழத்தில் இருந்தபோது முதலாளியின் உன்னதம். மூன்றும் ஒன்று என்று தெரிந்தே எழுத மாட்டேன் என்கிறார். அந்த அறையில் நின்றபடியே நான் எவ்வளவு பேசினேன் என்று இன்றைக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "நெனச்சத எழுதாதன்னு சொன்னீங்களே சார், இது நீங்க நெனச்சதுகூட இல்லியே, அவர் நெனச்சது" என்று கேட்டேன். அதற்கும் அவர் குரல் உயர்த்தவில்லை.

ஒயின் ஆலையின் ஆள் மறுநாள் தோட்டத்துக்கு வருகிறார் என்று கன்னியப்பன் சொல்லியிருந்தார். களத்துக்கு எடுத்துப்போகிற சின்ன நுண்ணோக்கியும் மூன்று சில்லுகளும் பையில் போட்டுக்கொண்டு காலையில் பஸ் ஏறினேன். வெளியே எடுத்துப்போகும் பதிவேட்டில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் எடுத்தேன். திருட்டுத்தனமாகப் போகவில்லை.

கொட்டகை வாசலில் பரசுராமனும் ஆலையிலிருந்து வந்த நடுத்தர வயது மனிதரும் நின்றிருந்தார்கள். உள்ளே பெண்கள் குனிந்து குலை பிரித்துக்கொண்டிருந்தார்கள், இருமல் சத்தம் ஓயவில்லை.

"லேப்லேர்ந்தா? வாம்மா. லெட்டர் கொண்டாந்தியா?" என்றார் பரசுராமன், மலர்ந்த முகத்தோடு.

"லெட்டர் இல்லீங்க. லெட்டர்ல எழுத வேண்டியதைக் கொண்டாந்திருக்கேன்."

தரம் பிரிக்கும் பலகையின் ஓரத்தில் நுண்ணோக்கியை வைத்தேன். வெயில் வரும் பக்கமாகக் கண்ணாடியைத் திருப்பினேன். அந்த மனிதரிடம், "நீங்க பாருங்க சார். உங்க படிப்புல இது வந்திருக்கும்" என்றேன்.

அவர் முதலில் திராட்சைச் சில்லைப் பார்த்தார். நிமிர்ந்து பரசுராமனைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு என்னிடம், நம் பக்கத்துத் தமிழ் இல்லை, ஆனாலும் தெளிவாகவே கேட்டார்: "க்ரே மோல்ட் எங்கே?"

"சாம்பல் பூஞ்சை இல்லீங்க. ஒரு வாரம் தேடினேன்."

"ஏம்மா, யாரும்மா உன்ன இங்க வரச் சொன்னது? சம்பந்தம் சாருக்குத் தெரியுமா இது?" பரசுராமனின் குரல் கொட்டகைக்குள் எதிரொலித்தது. பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"சாருக்கு நேத்தே காட்டிட்டேன். மூணும் ஒண்ணுதான்னு அவரே சொன்னாரு. நீங்க வித்த வெதையில இருந்ததும் இதுதான், இந்தப் பழத்துல இருக்கறதும் இதுதான், இந்த அம்மாங்க நெஞ்சுக்குள்ள போறதும் இதுதான். அந்த வெதைக்கு மருந்தே கலக்கல நீங்க. கையில செவப்பு ஒட்டல." பிறகு பெண்களைப் பார்த்துத் திரும்பினேன். "இது நல்ல பூசணம்னு நாங்க சொல்லல. லேப்ல யாரும் சொல்லல. கதவத் தொறந்துட்டு வெளிய வாங்க."

யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. அன்றைய கூலி போய்விடுமே. முகத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்த வயதான உப்பளத்து அம்மா ஒருத்தி முதலில் எழுந்தாள். "எனுக்கு உப்புத் தூளே போதும்டியம்மா, இந்தக் கரித் தூளு வோணாம்" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே போனாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

ஆலைக்காரர் பழத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். போகும்போது என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். உண்மையான உன்னத அழுகல் வருகிற நாடுகளில்கூட அந்தப் பழத்தைப் பறிக்கிறவர்களுக்கு நுரையீரல் நோய் வருவதுண்டாம். அதற்கு மருத்துவப் பெயரே இருக்கிறதாம். பாட்டில்மேல் ஒட்டுகிற சீட்டில் அதைப் போடுவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே முடிக்க எனக்கும் ஆசைதான். பரசுராமனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழத்தை உழுது மண்ணில் புதைத்துவிட்டு, மழையால் நஷ்டம் என்று சொல்லிக்கொண்டார். குழுவில் கடைசிவரை இருந்தார். என்னை நுண்ணோக்கி மேசையிலிருந்து எடுத்து, பின்கட்டில் மண்ணில் உப்பு அளக்கும் அறைக்கு மாற்றினார்கள். அனுமந்தைப் பக்கத்து மண்ணை வடிகட்டி, கருவியை முக்கி, எண்ணைக் குறித்து வைக்கும் வேலை. ஆறு ஆண்டுகள் அதைச் செய்தேன். மாற்றல் ஆணையில் சார் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கு ஒரு கையெழுத்தே போதுமாயிருந்தது. மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். விழாவில் மாலை போட நான் போகவில்லை. போகாததற்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.

வள்ளி பன்னிரண்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு தூள் பறக்கிற எந்த வேலையும் அவளால் செய்ய முடியாமல் போயிற்று. களத்தில் கடலை உடைக்கக்கூட முடியாது.

தை மாதம் கன்னியப்பன் பின்கட்டு அறைக்கு என்னைத் தேடி வந்தார். எங்கள் பழைய அறிக்கையைக் கையில் வைத்திருந்தார், நாலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது.

"இது எங்கிட்ட வோணாம் மேடம். வேற எழுதிக் குடுங்க. எம்மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுங்க."

ஆய்வகத்தின் தாளில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. வெள்ளைத் தாளில், என் பெயரைப் போட்டு, விதையில் நான் கண்டதை ஆங்கிலத்தில் முறையாக எழுதி, படமும் வரைந்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழ்ல எழுதுங்க மேடம். வள்ளி படிக்கணும். அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ."

அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. முப்பத்தோரு ஆண்டுகளில் நான் தமிழில் எழுதிய ஒரே அறிக்கை அதுதான். அதை அவரிடம் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

வள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததே இல்லை, அவள் மூச்சின் தடயத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். மெலிந்த பெண். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்றேன். தாளை வாங்கி, விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"விதையில்... பூஞ்சை இருந்தது. விதைக்கு... மருந்து கலக்கப்படவில்லை. வயலை வைத்திருந்த... கன்னியப்பன் மேல்... தவறு இல்லை."

கன்னியப்பன் வாசல்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வள்ளி இன்னொரு முறை படித்தாள், இந்த முறை சத்தமாக, அவர் காதில் விழட்டும் என்பதற்காக.

பிறகு தாளின் அடியில் என் கையெழுத்தைப் பார்த்தாள்.

"இது உங்குளுக்கு எப்ப மேடம் தெரியும்?"

"ஆவணியில" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. தாளை இரண்டாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆவணியிலயே சொல்லியிருந்தா அந்த வெதய வித்தவரு தோட்டத்துக்கு நான் போயிருக்க மாட்டேனே மேடம்" என்றாள்.